அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியைப் போன மாதம் ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று, இப்போது வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிற அளவுக்குத் தேறிவிட்டார். குழப்பம் ரிப்போர்ட்டில்தான். டி3, என்0 என்றிருக்கிறது, அதாவது கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டிவிட்டது, ஆனால் நிணநீர் முடிச்சுகளில் இல்லை. சரி, நல்லதுதானே என்று பார்த்தால், சோதித்ததே 9 முடிச்சுகள்தான்! குறைந்தது 12 பார்க்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பரவியிருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். அப்புறம் 'டியூமர் பட்டிங் அதிகம்' என்று ஒரு வரி, கட்டியின் ஓரத்தில் புற்றணுக்கள் தனியாகவோ நாலு வரை சேர்ந்தோ பிரிந்து நிற்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், அது பரவும் அபாயத்துக்கு ஓர் அடையாளம். ரத்தக்குழாய்க்குள் புகுந்ததா என்ற இடம் காலி. டாக்டர் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

கீமோ வேண்டுமா என்பதே இதைப் பொறுத்துத்தான். ஸ்லைடு, மெழுகு பிளாக் (எடுத்த கட்டியின் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பது) எல்லாம் கேட்டு வாங்கி, கோவையிலோ வேலூரிலோ மறுபடி பார்க்கச் சொன்னவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள், எவ்வளவு செலவு? எம்எஸ்ஐ டெஸ்ட்டையும் (கட்டியின் மரபணுவில் ஒருவகைக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது) அதே பிளாக்கில் செய்தார்களா? பச்சைத்தேயிலை விற்கிற விலையில் இரண்டு தடவை மலையிறங்க முடியாது, அதனால்தான் கேட்கிறேன்.