கோத்தபய ராஜபக்ச: எது அவர் கணக்கு, எது இல்லை?

ராமநாதபுரம்

ராணுவத்திலிருந்து அரசியலுக்குப் போனவர்கள் நம் நாட்டிலும் உண்டு. ஜஸ்வந்த் சிங், கந்தூரி, வி.கே. சிங் என்று வரிசையே சொல்லலாம். ஆனால் அவர்களில் யாரைவிடவும் நம்ம கரையை அதிகம் தொட்டவர் எதிர்க்கரைக்காரரான இலங்கை முன்னாள் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சதான். ராமேஸ்வரம் ஜெட்டியில் எது நடந்தாலும் "எல்லாம் கோத்தபய வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் செய்தது எது, அவர் பதவியில் இல்லாதபோது நடந்தது எது என்று பிரித்துப் பார்க்கலாம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். எப்படி நடந்தது, ஏன் அப்படி ஆனது என்பது போதும்.

முதுகுளத்தூர் சுபேதார்

பட்டாளப் பக்கத்தை நான் சொல்கிறேன். 1971 ஏப்ரலில் கேடட்டாகச் சேர்ந்தார். ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் முதல் கிளர்ச்சி வெடித்த மாதம் அது. தொடக்கம் சிக்னல்ஸ், அதாவது தகவல் தொடர்புப் பிரிவு. பிறகு காலாட்படைக்கு மாறி சிங்க ரெஜிமென்ட், ரஜரட்ட ரைஃபிள்ஸ், கடைசியாக கஜபா ரெஜிமென்ட்.

பலருக்குத் தெரியாத விஷயம், அவர் நம்ம குன்னூர் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் படித்தவர். அங்கே படிப்பவர்களுக்குப் பட்டம் கொடுப்பது சென்னைப் பல்கலைக்கழகம். 1983இல் பாதுகாப்பியலில் முதுநிலைப் பட்டம் வாங்கினார். அதே 1983 ஜூலையில்தான் கொழும்புக் கலவரம்.

1987 மே, ஜூனில் யாழ்ப்பாணம் வடமராட்சியில் புலிகளுக்கு எதிரான ராணுவ நடவடிக்கை. அதில் கஜபாவின் முதல் பட்டாலியன் அவர் கையில். நம்ம கரைக்கு அவர் முதலில் சம்பந்தப்படுவது இங்கேதான். அந்த நடவடிக்கை நடக்கும்போது ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணம் ஏற்றிப் போன படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஜூன் 4, நம்ம விமானப்படையின் ஐந்து ஏ.என்.32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலம் போட்டன. ஜூலை 29இல் ராஜீவ் - ஜெயவர்த்தன ஒப்பந்தம். நடவடிக்கை அதற்கு முன்பே பாதியில் நின்றுவிட்டது.

1989இல் மாத்தளை மாவட்டத்துக்கு ராணுவ ஒருங்கிணைப்பு அதிகாரி. 1991இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு. இதைக் கவனிக்க வேண்டும். பட்டாலியன் என்றால் சுமார் 800 பேர். அதற்கு மேல் பிரிகேட், டிவிஷன் எதையும் அவர் நடத்தவில்லை. ஓய்வுக்குப் பிறகு கணினி படித்து, 1998இல் அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சட்டக் கல்லூரியில் கணினி நிர்வாகம் பார்த்தார். 2003இல் அமெரிக்கக் குடியுரிமை.

2005 நவம்பரில் அண்ணன் மகிந்த ஜனாதிபதி ஆனதும் பாதுகாப்புச் செயலாளர். இது தேர்தலில் ஜெயித்து வரும் பதவி இல்லை, நியமனம். ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவர் மூன்று படைத் தளபதிகளுக்கும் மேலே உட்கார முடிந்தது அதனால்தான். அண்ணன் கையெழுத்து வேண்டிய கோப்பு ஒரே நாளில் திரும்பும். ஆள் சேர்ப்பு, ஆயுதக் கொள்முதல் எதிலும் இழுபறி கிடையாது. 2009 மே மாதம் போர் முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். அந்தக் கடைசி மாதங்களில் செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டும் அவர் கணக்கில்தான்.

தங்கச்சிமடம் விசைப்படகு

சுபேதார் அண்ணே, கடல் பக்கத்தை நான் பிரிச்சுச் சொல்றேன்.

2005இலிருந்து 2015 ஜனவரி வரை கடற்படை அவர் அமைச்சுக்குக் கீழே. அந்தக் காலத்துத் துப்பாக்கிச் சூடு, அடி, வலை அறுப்புக்கு அந்த அமைச்சுதான் பொறுப்பு. ஆனா நம்மாளுக இன்னிக்கு அதிகமாப் புலம்புற சட்டம் ரெண்டும் அவர் காலத்தது இல்ல. இழுவை மடியை (கடலடியை வாரி இழுக்கிற வலை) தடை பண்ணுன சட்டம் 2017. வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தை 17.5 கோடி இலங்கை ரூபாய் வரைக்கும் ஏத்துன திருத்தம் 2018. அப்ப ஜனாதிபதி சிறிசேன. கோத்தபய பதவியிலயே இல்ல. அந்தச் சட்டத்துக்குப் பின்னாடி நின்னது வடமாகாணத் தமிழ் மீனவங்கதான். மடி இழுத்தா அவங்க வலையும் போகுது, மீன் குஞ்சும் போகுது. இதை ஜெட்டியில சொன்னா சண்டைக்கு வருவாங்க, ஆனா உண்மை அதுதான்.

சட்டம் வேலை செய்யிற விதம் இது. படகைப் பிடிச்சா, முதல் தடவை மாட்டுன ஆளுக்கு பெரும்பாலும் ஒத்திவைச்ச தண்டனை குடுத்து விட்டுருவாங்க. அதே ஆள் ரெண்டாம் தடவை மாட்டுனா அந்தத் தண்டனை உயிர் பெத்துரும், சிறைதான். படகு வேற கணக்கு. உரிமையாளர் பதிவுச் சான்றிதழோட இலங்கை நீதிமன்றத்துல நேர்ல நிக்கணும். நிக்கலைன்னா படகு அரசுடைமை. இங்க பல படகுல பதிவு ஒருத்தர் பேர்ல, பணம் போட்டவர் இன்னொருத்தர். பேர் இருக்கிறவருக்குக் கடவுச்சீட்டு இருக்காது. அங்கதான் கை விட்டுப் போகுது.

கோத்தபய ஜனாதிபதியா இருந்தப்ப நடந்தது ஏலம். 2022 பிப்ரவரி 7இலிருந்து 11 வரைக்கும் 105 படகு: காரைநகர்ல 65, கிராஞ்சியில 24, தலைமன்னார்ல 9, காங்கேசன்துறையில 5, கற்பிட்டியில 2. இங்க கரை முழுக்கக் கொதிச்சுது. ஆனா அந்தப் படகுல முக்காவாசி அப்பவே விறகுதான். மரப்படகு ஓடாம நங்கூரத்துலயே கிடந்தா தண்ணிக்கு மேல உள்ள பலகை வெயில்ல காஞ்சு இணைப்பு வாய் பிளக்கும், தண்ணிக்குக் கீழ உள்ளதைக் கடல்புழு அரிக்கும். மழைத் தண்ணி இறங்கி இன்ஜின் இறுகிரும். ஒரு வாடைக்காலம் தாண்டுனாலே அதை இழுத்துட்டு வர்ற செலவு படகு மதிப்பைத் தாண்டிரும். நம்ம அரசு குடுத்த நிவாரணம் விசைப்படகுக்கு 5 லட்சம், நாட்டுப்படகுக்கு ஒன்றரை லட்சம்.

ஆர்.எஸ்.மங்கலம் உரக்கடை

எங்க பக்கம் நெல். அதனால எங்களுக்கு நல்லாப் புரிஞ்சது 2021 மே மாதம் அவர் போட்ட ரசாயன உரத் தடைதான்.

2019 தேர்தலில் 52.25 சதவீதம் வாங்கி ஜெயித்தவர். பத்து வருஷத்தில் படிப்படியாக இயற்கை விவசாயத்துக்குப் போவோம் என்பதுதான் அவர் தேர்தல் வாக்குறுதி. செய்தது ஒரே வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பில் இறக்குமதிக்குத் தடை. டாலரை மிச்சப்படுத்துவதும் ஒரு நோக்கம்.

ஏன் தேறாது என்பதற்கு ஏக்கர் கணக்கு போடுங்கள். நல்ல விளைச்சல் தரும் மத்திய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது சுமார் 20 கிலோ. மூன்று மூட்டையில் முடிந்தது. நன்றாக மட்கிய உரத்தில் தழைச்சத்து ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 6 டன் வேண்டும். அதுவும் கொட்டிய உடனே பயிருக்குக் கிடைக்காது; ஒரு போகத்துக்குள் கரைவது அதில் ஒரு பங்குதான். தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் மேலுரமாகக் கொடுக்க அது உதவாது. ஒரு நாடு முழுக்க ஏக்கருக்கு 6 டன் தொழு உரம் எங்கிருந்து வரும்? மாடு வேண்டும், வைக்கோல் வேண்டும், வண்டி வேண்டும். மட்குவதற்கே மூன்று மாதம் ஆகும். உத்தரவு போட ஒரு நாள் போதும்.

பிறகு அவசரம் அவசரமாக வாங்கியதிலும் கோளாறு. சீனாவிலிருந்து வந்த இயற்கை உரக் கப்பலில் கிருமி இருக்கிறதென்று இறக்க விடவில்லை; கடைசியில் 67 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள். நவம்பரில் நம்ம விமானப்படை 100 டன் நானோ யூரியா கொண்டுபோய் இறக்கியது. அது இலையில் தெளிப்பது. அடியுரத்துக்கு மாற்று இல்லை. நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகத்துக்கு விதைத்தாகிவிட்டது. உலகச் சந்தையில் யூரியா விலையும் ஏறிவிட்டது. அறுவடை 2022 மார்ச்சில் விழுந்தது. டாலர் தீர்ந்ததும் அதே மார்ச்.

ராமநாதபுரம்

டாலர் தீர்ந்தது உரத்தால் மட்டும் இல்லையே?

ஆர்.எஸ்.மங்கலம் உரக்கடை

இல்லை. பதவிக்கு வந்த மறுமாதமே, 2019 டிசம்பரில், வாட் வரியை 15லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார். வருமானம் விழுந்தது, கடன் தர மதிப்பீடு விழுந்தது, வெளியே கடன் கிடைக்கவில்லை. அதன் மேல் கோவிட் வந்து சுற்றுலாவை நிறுத்தியது. முன்னால் வாங்கிய கடன் அவர் காலத்தது மட்டும் இல்லை. வரிக் குறைப்பும் உரத் தடையும் அவருடையவை.

மண்டபம்

அந்த மார்ச் 22ஆம் தேதி முதல் 16 பேர் தனுஷ்கோடி பக்கம் வந்து இறங்கினார்கள். இந்த வழி எப்படி என்று தெரியாமல் பலர் "படகில் நேராகக் கரைக்கு வந்தார்கள்" என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தலைமன்னார் பக்கமிருந்து இரவில் கிளம்பும் பைபர் படகு அரிச்சல்முனைக்கு வெளியே மணல் திட்டில் ஆளை இறக்கிவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். கரைக்கு வந்தால் ஓட்டி மாட்டுவார். திட்டில் குடிதண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது. சுற்றி ஆழம் குறைவு, ஆனால் நீரோட்டம் வேகம். நடந்து வரலாம் என்று இறங்கினால் ஆபத்து. ரோந்துக் கப்பல் அந்த ஆழத்துக்குள் வர முடியாது. அதனால் மண்டபம் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் போய் ஏற்றி வரும்.

கரைக்கு வந்ததும் மரைன் போலீஸ், தமிழக உளவுப் போலீஸின் கியூ பிரிவு விசாரணை. முதலில் வந்தவர்கள் மேல் கடவுச்சீட்டு வழக்குப் போட்டு நீதிமன்றக் காவலுக்கு அனுப்பினார்கள். பிறகு வந்தவர்களை விசாரணை முடிந்ததும் மண்டபம் முகாமில் வைத்தார்கள். அந்த ஆண்டுக்குள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. 1980கள், 90களில் வந்தவர்கள் குண்டுக்கு ஓடி வந்தவர்கள். இவர்கள் பால்மாவுக்கும் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஓடி வந்தவர்கள். அதனாலேயே அகதி என்று பதிவதில் சிக்கல்.

நிவாரணம் ஏன் இங்கிருந்து போகவில்லை என்றும் கேட்கிறார்கள். தமிழக அரசு அறிவித்தது 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்து. பாம்பன் கால்வாயில் அந்த அளவு கப்பல் நுழையவே முடியாது. முதல் கப்பல் மே 18இல் சென்னையிலிருந்துதான் கிளம்பியது.

முதுகுளத்தூர் சுபேதார்

கடைசிப் பகுதியையும் பதிவு செய்துவிடுகிறேன். 2022 ஜூலை 9இல் கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13ஆம் தேதி அதிகாலை இலங்கை விமானப்படை ஏ.என்.32 ஒன்றில் மாலத்தீவு, மறுநாள் சிங்கப்பூர். ராஜினாமா மின்னஞ்சலில் வந்தது. 15ஆம் தேதி ஏற்கப்பட்டது. செப்டம்பரில் நாடு திரும்பினார். 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் பொருளாதார நெருக்கடிக்கு அவரும் அண்ணன் மகிந்தவும் தம்பி பசிலும் வேறு சில அதிகாரிகளும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

தங்கச்சிமடம் விசைப்படகு

அவர் போன பிறகும் படகு பிடிபடுது, ஆள் மாட்டுது. 2018 சட்டம் அப்படியேதான் இருக்கு. படகு வாங்குறவங்க பதிவைப் பணம் போட்டவர் பேருக்கே மாத்துங்க, அவருக்குக் கடவுச்சீட்டு எடுத்து வைங்க.