அம்மாவின் மருந்துச் செலவு: கோயில் நிதியா, அரசாங்கக் கிளினிக்கா?

செந்தூல்_மகள்:
அம்மாவுக்கு 63 வயது. இனிப்புநீர், இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் இருக்கின்றன. தனியார் கிளினிக்கில் மருந்துக்கு மாதம் 380 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது. போன வாரம் சமையலறையில் ஒரு மைலோ டப்பாவைத் திறந்தேன். உள்ளே கத்தியால் பாதிப் பாதியாக வெட்டிய மாத்திரைகள். காசு மிச்சம் பிடிக்க இரண்டு மாதமாக இப்படித்தான் சாப்பிடுகிறாராம். கோயிலில் நிதி திரட்டலாம் என்கிறார் மாமா. வேறு வழி இருக்கிறதா?

ஆயர்ஈத்தாம்_அண்ணன்:
தங்கச்சி, முதலில் வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை வெட்டினால் மருந்து மொத்தமாக இறங்கிவிடும். அப்புறம் ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், மருந்தும் அதிலேயே அடக்கம். இந்த மூன்றுக்கும் அங்கே மருந்து உண்டு. என் அப்பா அப்படித்தான் சாப்பிடுகிறார்.

பங்சார்_வாசி:
சொல்வது சுலபம், அண்ணே. காலை ஆறரைக்கே போய் நம்பர் எடுக்க வேண்டும். நாள்கூலிக்குப் போகும் பிள்ளைக்கு அரைநாள் சம்பளம் போய்விடும். அடுத்த முறை மாத்திரையின் நிறமே மாறியிருக்கும், வயதானவர்கள் குழம்பிப் போவார்கள். நம் சனம் கோயிலில் உதவி கேட்பதில் என்ன கேவலம்?

ஆயர்ஈத்தாம்_அண்ணன்:
கேவலம் என்று நான் சொல்லவே இல்லை. மாதாமாதம் 380 வெள்ளியை எந்தக் கோயில் எத்தனை வருடம் கொடுக்கும்? நிறம் மாறினால் பெரும்பாலும் கம்பெனிதான் மாறியிருக்கும், மருந்தின் பெயரும் அளவும் அதேதானா என்று ஃபார்மசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண் இருந்தால் அது அரசாங்கத்தில் பதிவான மருந்து. மருந்துக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை. தபாலில் அனுப்பும் வசதி இருக்கிறதா என்று ஃபார்மசி கவுண்டரில் கேளுங்கள்.

பங்சார்_வாசி:
சரி, அம்மாவின் நோய்க்கு அது போதும். என் தம்பிக்கு எழுதிய ஊசி அரசாங்க மருந்துப் பட்டியலிலேயே இல்லை. அவன் எங்கே போவான்?

ஆயர்ஈத்தாம்_அண்ணன்:
அதற்குத்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணி அதிகாரி இருக்கிறார். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியிலும் உண்டு, பினாங்கிலும் உண்டு. நிபுணர் எழுதிக் கொடுத்தால் ‘தாபோங் பந்துவான் பெருபாத்தான்’ என்ற அரசாங்க மருத்துவ உதவி நிதிக்கு அந்த அதிகாரி வழியாக விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டு, குடும்பச் செலவு எல்லாம் பார்ப்பார்கள்.

பங்சார்_வாசி:
பார்ப்பார்கள், வாரக்கணக்கில் பார்ப்பார்கள். ஊசி அதுவரை காத்திருக்குமா? அந்த இடைவெளியில் கைகொடுப்பது கோயிலும் சொந்தக்காரர்களும்தான். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

ஆயர்ஈத்தாம்_அண்ணன்:
அந்த இடைவெளிக்கு வாங்குங்கள், மனதார ஒத்துக்கொள்கிறேன். விண்ணப்பமே போடாமல் நேராக உண்டியலைப் பார்ப்பதுதான் எனக்கு வலிக்கிறது. நாம் வரி கட்டுகிறோம், அந்த மருந்து நம் உரிமை.

செந்தூல்_மகள்:
பக்கத்து வீட்டு அக்கா, வசதி குறைந்தவர்கள் தனியார் கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கும் அரசாங்கத்தின் மடானி மருத்துவத் திட்டத்தைச் சொன்னார். அதில் கிடைக்காதா?

ஆயர்ஈத்தாம்_அண்ணன்:
அது காய்ச்சல், இருமல் போன்ற திடீர் நோய்க்கு. மாதாந்திர மருந்துக்கு ஆகாது.

பங்சார்_வாசி:
தங்கச்சி, இன்னொன்று. தனியாரிலேயே தொடர நினைத்தால் மருந்துச் சீட்டை மட்டும் எழுதி வாங்கி வெளிக்கடையில் விலை கேளுங்கள். 1.5.2025 முதல் தனியார் கிளினிக்கும் மருந்துக்கடையும் மருந்து விலையைக் காட்டியே ஆக வேண்டும்.

செந்தூல்_மகள்:
திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன். பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன். வெட்டிய மாத்திரைகளை வீசிவிடவா?

ஆயர்ஈத்தாம்_அண்ணன்:
வேண்டாம். டப்பாவோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.