பின் சில்லின் உள்வெட்டும் வால்வீச்சும்: இரு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாரவூர்தி ஓட்டப் பழகுவோருக்காக நாம் எழுதிவரும் தமிழ்க் கையேட்டுக்குச் சொற்கள் தேடுகிறோம். பிக்கப் பாரவூர்தியின் பின்தட்டில் ஏற்றிக் கட்டிச் செல்லும் தங்கும் அறைக்கு, 'கூண்டு வண்டி' என்ற பழஞ்சொல்லின் வழியில் 'ஏற்றுக்கூண்டு' என்று பெயரிடலாம் என்ற கருத்தைச் சென்ற வாரம் பலர் ஆதரித்திருந்தீர்கள். எனக்கும் அதில் முழு உடன்பாடே. ஆனால் அத்தகைய ஊர்தியைத் திருப்பும்போது நிகழும் இரண்டு வெவ்வேறு அசைவுகளையும் 'தடவிலகல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்று, பின் சில்லு முன் சில்லின் தடத்துக்கு உள்ளே செல்வது; அது திரும்பும் பக்கத்தில் நிகழ்வது. மற்றையது, ஊர்தியின் பின்முனை வெளியே வீசுவது; அது அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிகழ்வது. புதிதாகச் சாரத்தியம் பழகுபவர் ஒன்றுக்கு ஒரு கண்ணாடியையும் மற்றையதற்கு மறு கண்ணாடியையும் பார்க்க வேண்டியிருக்கையில், இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுப்பது அவரைத் தவறான பக்கம் பார்க்க வைத்துவிடும்.

இந்த வேறுபாட்டை நான் நேரில் கண்டது சென்ற ஆண்டு கனடாவின் கல்கரியில் என் மூத்த அண்ணாவின் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான். கொழும்பில் இருந்த காலம் முழுவதும் சிறிய கார் மட்டுமே ஓட்டிய அவர், ஓய்வு பெற்றபின் பின்னச்சில் நான்கு சில்லுகள் கொண்ட ஃபோர்ட் எஃப் 350 பிக்கப் ஒன்றை வாங்கி, அதன் மேல் ஏற்றுக்கூண்டையும் பொருத்தியிருந்தார். உட்கண்ணாடியில் கூண்டின் முன்சுவரைத் தவிர எதுவும் தெரியாது என்பதால், பக்கக் கண்ணாடிகளை மட்டும் நம்பி ஓட்டிப் பழகுவதற்காக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆளில்லாத ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குப் போவோம். மழை விட்டுத் தார் காய்ந்திருந்த ஒரு காலையில், அங்கே தேங்கியிருந்த நீருக்குள்ளால் ஊர்தியை ஓட்டி உடனே வலப்பக்கம் திருப்பினார். நான் கீழே நின்று பார்த்தேன். ஈரமான முன் சில்லு வரைந்த வளைவு ஒன்று. அதற்கு வெகுவாக உள்ளே, என் மூன்று பாதடிக்கும் அதிகமான இடைவெளியில், இரட்டைச் சில்லுகள் வரைந்த தடித்த வளைவு மற்றொன்று. அண்ணா இறங்கி வந்து அவ்விரு ஈரக்கோடுகளையும் அவை காய்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடைவெளியைக் கணக்கிடவும் முடியும். முன்னச்சின் நடுப்புள்ளி 8 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் செல்வதாகவும், முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 4.4 மீற்றர் எனவும் கொண்டால், பைதகரசின் தேற்றப்படி பின்னச்சின் நடுப்புள்ளி ஏறத்தாழ 6.7 மீற்றர் ஆரையுள்ள வட்டத்திலேயே செல்லும். அதாவது பின்பகுதி 1.3 மீற்றர் உள்ளே வெட்டிச் செல்கிறது. அச்சிடைத் தூரம் 2.4 மீற்றரான சிறிய காரில் இதே வளைவில் அந்த அளவு 37 சென்ரிமீற்றர் மட்டுமே. கார் ஓட்டிப் பழகிய கைக்கு அந்த 37 சென்ரிமீற்றர் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை; 1.3 மீற்றரோ பாதசாரி ஒருவர் நிற்கும் நடைபாதை.

'தடவிலகல்' என்ற சொல்லின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. விலகல் என்றதும் எமது மாணவர்க்கு நியம விலகல் நினைவுக்கு வரும். பொதுமக்களுக்கோ ஊர்தி பாதையை விட்டு வெளியேறுவது போன்ற ஒரு பிழையின் தோற்றம் வரும். பின் சில்லு உள்ளே செல்வது பிழையன்று. முன் சில்லுகளால் மட்டும் திரும்பும் எல்லா ஊர்திகளும் மெதுவாகத் திரும்பும்போது அப்படித்தான் செல்லும். அத்துடன், எந்தப் பக்கமாக விலகுகிறது என்பதையும் அச்சொல் கூறவில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் லொறி திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு, பின் சில்லு கானை (வடிகாலை) மூடிய கொங்கிறீற்றுப் பலகையின் மேல் ஏறி இறங்கும் ஓசை பழக்கமானது. அவ்வேளையில் இறங்கி நிற்கும் உதவியாளர் பக்கத்தகட்டில் தட்டி, "அண்ணே, பின் சில்லு உள்ளுக்கு வெட்டுது, இன்னும் முன்னுக்குப் போய்த் திருப்புங்கோ" என்று கூவுவதை நானே கேட்டிருக்கிறேன். எமக்கு வேண்டிய சொல் அந்தக் கூவலிலேயே இருக்கிறது. ஆகவே முதலாவது அசைவுக்கு 'உள்வெட்டு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். அது திசையையும் சொல்கிறது. ஆனால் வலம், இடம் என்று கட்டுப்படுத்தவில்லை. இலங்கையில் நாம் வீதியின் இடப்பக்கமாக ஓட்டுவதால் இடத்திருப்பமே இறுக்கமானது, கனடாவில் வலத்திருப்பம். 'உள்' என்பது இரு நாட்டாருக்கும் பொருந்துகிறது.

சென்னையிலிருந்து எழுதும் நண்பர் ஒருவர், சுக்கானைத் திருப்புவதையும் சாரதிகள் 'வெட்டுவது' என்றே கூறுவதால் குழப்பம் நேரலாம் என்று தனிமடலில் எச்சரித்திருந்தார். இது நியாயமான தடை. நான் இரண்டு நாட்கள் இதைப் பற்றியே யோசித்தேன். ஆனால் சுக்கானை வெட்டுவது சாரதி. உள்ளே வெட்டுவது சில்லு. வினையைச் செய்யும் பொருள் வேறாக இருப்பதால், "பின் சில்லின் உள்வெட்டு" என்று ஓரிடத்தில் முழுமையாக எழுதிவிட்டால், அதன்பின் 'உள்வெட்டு' என்று மட்டும் எழுதினாலும் வாசகர் மயங்கார் என்பது என் துணிபு. கணிதத்தில் வழங்கும் 'இடைவெட்டு' என்பதோடும் இது மோதவில்லை.

இனி இரண்டாவது அசைவு. ஏற்றுக்கூண்டு பின்தட்டைக் கடந்து பின்னால் நீண்டிருக்கும். பின்னச்சுக்குப் பின்னால் 2.5 மீற்றர் நீட்சி இருந்தால், மேற்சொன்ன அதே திருப்பத்தில் கூண்டின் வெளிமூலை ஊர்தியின் பக்கக்கோட்டைத் தாண்டி ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் எதிர்ப்பக்கம் வீசும். எரிபொருள் நிலையம் ஒன்றில் இதை நாம் விலை கொடுத்துக் கற்றோம். பம்பிக்கு அருகே மஞ்சள் பூசிய இரும்புத்தூண் ஒன்று எமக்கு இடப்பக்கத்தில் இருந்தது. பக்கக் கண்ணாடி அதைத் தாண்டிவிட்டது, கதவு தாண்டிவிட்டது, இனி அச்சமில்லை என்று அண்ணா வலப்பக்கம் முழுவதுமாகத் திருப்பினார். நாம் இருவரும் வலப்பக்கத்து உள்வெட்டையே கவனித்துக்கொண்டிருக்க, இடப்பக்கப் பின்மூலை தூணில் உரசிக் கூண்டின் அலுமினியத் தகட்டில் ஒரு முழ நீளத்துக்குச் சுருக்கம் விழுந்தது.

இதற்குப் 'பின்வீச்சு' என்றும் 'வால்வீச்சு' என்றும் இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் வால்வீச்சின் பக்கம் நிற்கிறேன். பின்வீச்சு என்றால் பின்னோக்கி வீசுவது என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. தலை ஒருபுறம் திரும்ப, வால் மறுபுறம் அடிக்கும் முதலையைச் சிறுவயதிலிருந்தே நாம் அறிவோம். அந்தக் காட்சி சொல்லோடு சேர்ந்தே வருகிறது. புள்ளிவிபரவியலில் 'வீச்சு' வேறு பொருளில் வழங்குவது உண்மையே. ஆயினும் 'வால்' முன்னே நிற்கும்போது அப்பொருள் எழாது.

வேறொன்றையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். கையேட்டு வரைவில் ஊர்தி எவ்வளவு சுமக்கலாம் என்பதை 'நிறை' என்று எழுதியிருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்பதைத் தமிழகப் பாடநூல்கள் நிறை என்கின்றன. நாம் நிறை என்பதை அவர்கள் எடை என்கிறார்கள். இரு கரை வாசகரும் படிக்கும் கையேட்டில் இம்மயக்கத்துக்கு இடமளிக்காமல், 'ஏற்றத்தகு பாரம்' என்று எழுதுவோம். பாரவூர்தி என்ற சொல்லில் ஏற்கனவே உள்ள பாரம்தான் அது. கூண்டு மட்டுமன்றி உள்ளே இருப்போரும், சமையல் வாயுவும், தொட்டி நீரும் அதில் அடங்கும் என்பதையும், 150 லீற்றர் நீர் ஏறினால் 150 கிலோகிராம் ஏறியதாகும் என்பதையும் அதனருகே குறிப்பிடலாம்.

இச்சொற்கள் வாக்கியத்தில் எப்படி அமர்கின்றன என்று காண, கையேட்டின் திருப்பப் பகுதியை இவ்வாறு மாற்றி எழுதிப் பார்த்தேன்:

"திரும்புமுன், திரும்பும் பக்கத்துக் கண்ணாடியில் பின் சில்லைப் பாருங்கள். வீதியின் மூலையை முன் சில்லு கடந்தவுடன் திருப்பாமல், உள்வெட்டுக்கு இடம் விட்டு மேலும் முன்னே சென்று திருப்புங்கள். சுக்கானைத் திருப்பத் தொடங்கியதும் மறுபக்கக் கண்ணாடியையும் பாருங்கள். வால்வீச்சு அந்தப் பக்கமே நிகழும். அந்தப் பக்கம் தூணோ மதிலோ அருகில் இருந்தால், கூண்டின் பின்மூலை அதைக் கடக்கும்வரை சிறிது சிறிதாக மட்டுமே திருப்புங்கள்."

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரவூர்தி ஓட்டும் உறுப்பினர்கள் இப்பகுதியை உடன் ஓட்டும் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர் எந்தக் கண்ணாடியை எப்போது பார்க்க வேண்டுமென விளங்கிக்கொண்டார் என்பதை எழுதினால் பேருதவியாக இருக்கும். மாத முடிவில் வரைவை அண்ணாவுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், மாற்றுச் சொற்கள் இருந்தால் அதற்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து, கொழும்பு 06