ஐந்து மூடை நெல் எடை கூடின கார் எங்கட றோட்டுக்குச் சரிவருமா?

செங்கலடி மில்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வீடு மட்டக்களப்பு கல்லடியில, நெல் ஆலை செங்கலடியில. என்னட்ட இருக்கிறது 1991 மெர்சிடிஸ் பென்ஸ் 200ஈ, டபிள்யூ124 எண்டு சொல்லுற உடம்பு. 2004 சித்திரையில அப்பா கொழும்பில வாங்கினவர். அந்த வருசம் மார்கழி 26 காலமை சுனாமி வரேக்க கார் ஆலைக்குள்ள நிண்டதால தப்பினது. வீட்டு மதில் கூட மிஞ்சயில்ல. அப்பா 2016இல போயிட்டார். கார் இன்னும் ஒழுங்கா ஓடுது. அதில எனக்கு ஒரு மனக்குறையும் இல்ல.

மாத்த யோசிக்கிறது அம்மாவுக்காக. அவவுக்கு 79 வயசு, இடுப்பில ஒப்பரேஷன் செய்தது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கண்டியில கிளினிக். மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை, மறுகா மலை றோட்டில வாற அந்தப் பதினெட்டு வளைவு எண்டு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். பின் சீற்றில இருக்கிறவைக்கு முன்னால இருந்து வாற ஏசிக் காத்துதான். போன மாசம் மகா ஓயாவுக்கு இங்கால பொழுதுபடுற நேரம் ஒரு ஆனை றோட்டில ஏறி நிண்டது. பிறேக் பிடிக்கேக்க சில்லு இறுகாமப் பார்க்கிற ஏபிஎஸ் இருந்ததால நேரா நிண்டிட்டன். ஆனா காரில ஒரு எயார்பாக்கும் இல்ல. பின்னால அம்மா கம்பியைப் பிடிச்சபடி இருந்ததைக் கண்ணாடியில பார்த்தன். அண்டைக்கு முடிவெடுத்ததுதான்.

கொழும்பில ஒரு 2018 பி.எம்.டபிள்யூ 530இ விலைக்கு வந்திருக்கு, பிளக்-இன் ஹைபிரிட், எண்டா பெற்றோல் எஞ்சினோட பிளக்கில நிரப்புற பற்றரியும் மோட்டரும் இருக்கிறது. பின்னால தனி ஏசி, பக்கத்து எயார்பாக், தானாப் பிறேக் பிடிக்கிற வசதி எல்லாம் இருக்கு. என்னை யோசிக்க வைக்கிறது எடை. என்ட காரை பெற்றோல் நிரப்பி, ஸ்பெயார் வீலோட ஆலைத் தராசில ஏத்தினன்: 1,400 கிலோ. 530இக்குக் கம்பனி சொல்லுறது 1,770. 370 கிலோ வித்தியாசம். நாங்க மூடைக்கு 70 கிலோ போடுறம், அந்தக் கணக்கில ஐந்து மூடைக்கு மேல. ஆள் ஏற முந்தியே ஐந்து மூடை நெல்லை ஏத்திக்கொண்டு வருசம் முழுக்க ஓடுற மாதிரி.

வாவிக்கு மேற்கால படுவான்கரைப் பக்கம் வயல் றோட்டுகளும் எனக்கு இருக்கு. உப்புக் காத்து இருக்கு. கார்த்திகை, மார்கழியில வெள்ளம் இருக்கு. அந்த எடையில அம்மாவுக்குப் பிரயோசனமானது எவ்வளவு, சும்மா சுமக்கிறது எவ்வளவு? வைச்சு ஓடினவங்க சொல்லுங்க.

---

கல்முனை கராஜ்:

மில்கார அண்ணன், 22 வருசமா இந்த வேலைதான் செய்யிறன். 124ஐக் குடுத்துடாதீங்க, அது வேற கதை. கேட்டதுக்கு வாறன்.

எடை கூடின காரில முதல் போறது புஷ். முன் சில்லுகளைப் பிடிக்கிற கைகள் அலுமினியம், அதில இருக்கிற றப்பர் புஷ் எங்கட குழியில கிழியும். மறுகா சொக் அப்சோபர். அது எல்லாக் காருக்கும் உள்ளதுதான், ஆனா 1,400 கிலோவில ஐந்து வருசம் போறது 1,800 கிலோவில அவ்வளவு காலம் போகாது. டயர் இன்னும் மோசம். அந்தக் காருகளுக்கு வாறது றன்பிளட், பக்கச் சுவர் கல்லு மாதிரி. காத்துப் போனாலும் ஓடலாம் எண்டுதான் செய்தது. குழியில விழுந்தா அந்த அடி றிம்முக்குப் போகும், றிம்மில இருந்து ஆளுக்குப் போகும். ஸ்பெயார் வீலும் இல்ல. மகா ஓயாவுக்கும் பதியத்தலாவைக்கும் நடுவில சுவர் வெடிச்சா என்ன செய்வீங்க?

வாங்கிறதெண்டா 18 அங்குலம் வேணாம், 17 அங்குல றிம் பாருங்க, டயர் அளவு 225/55. சுவர் உயரம் கூட, அம்மாவுக்கு அது நல்லம்.

ஒரு விசயத்தைக் கட்டாயம் பாருங்க. அந்தக் காரில பெரிய பற்றரியைக் குளிராக்கிறதும் ஏசி காஸ்தான். கல்லடியில கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம். உப்புக் காத்தில ஏசி கொண்டென்சர் ஓட்டை விழுறது எங்களுக்கு நாளாந்த வேலை. மத்தக் காரில காஸ் போனா வேர்க்கும், அவ்வளவுதான். இதில பற்றரிக்கும் குளிர் இல்லாமப் போயிடும். காஸ் எவ்வளவு இருக்கெண்டு நிறுத்துப் பார்க்காம, பற்றரியை ஸ்கானரில பார்க்காம கைக்காசு குடுக்காதீங்க.

---

அக்கரைப்பற்று பொறியியல்:

நான் கொழும்பில வேலை செய்யிற அக்கரைப்பற்று ஆள். மூண்டு வருசமா 530இ ஓடுறன். எடையைப் பற்றிப் பேசேக்க எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள போட ஏலாது, அதுதான் எழுதுறன்.

சீரான வேகத்தில போகேக்க எடை தின்னுறது கொஞ்சம். கூடின 370 கிலோவால டயர் உருளுறதுக்கு எதிரா வாற இழுவை 36 நியூட்டன் அளவு. 100 கிலோமீற்றருக்கு அது ஒரு கிலோவாட் மணி. எஞ்சினில உண்டாகிற நட்டத்தையும் சேர்த்தா 0.4 லீற்றர் பெற்றோல். நீங்க கண்டி போக ஒரு லீற்றருக்குள்ள கூடும். எண்ணெய்க்குப் பயந்து இந்தக் காரை விடத் தேவையில்ல.

ஏற்றத்திலயும், நிண்டு நிண்டு போற இடத்திலயும்தான் எடை தெரியும். ஆனா அங்கதான் மோட்டர் உதவும். இறங்கேக்க மோட்டரே பிறேக் மாதிரிப் பிடிச்சு பற்றரிக்குச் சக்தி சேர்க்கும். மகியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு இறங்கி முடியேக்க எனக்குப் பிறேக் மணந்ததே இல்ல. ஒண்டு மட்டும் கவனம்: கண்டியில பற்றரியை முழுசா நிரப்பிப்போட்டு இறங்காதீங்க. நிறைஞ்ச பற்றரி வாங்காது, முழு எடையும் பிறேக் டிஸ்க்கில விழும். நாலில ஒரு பங்கோட இறங்குங்க.

மில்லில சோலர் இருந்தா 15 அம்பியர் பிளக்கிலயே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலத்தில நிரம்பும். எனக்கு உண்மையா 30 கிலோமீற்றர் போகுது. கல்லடியில இருந்து செங்கலடிக்குப் பெற்றோல் இல்லாமப் போய்ச் சேரலாம், அங்க திரும்பவும் நிரப்பலாம்.

பிடிக்காதது பூட். பற்றரி பின் சீற்றுக்குக் கீழ, அதால பெற்றோல் தாங்கியைப் பின் அச்சுக்கு மேல தூக்கிப் போட்டிருக்கிறாங்க. சாதாரண 5 சீரிஸில 530 லீற்றர் பூட், இதில 410. அம்மாவுக்குச் சில்லுக் கதிரை கொண்டு போறதெண்டா வாங்க முந்தி வைச்சுப் பாருங்க.

இன்னொண்டும் சொல்லவேணும். இந்த எடைப் போக்கு எங்க போய் நிக்குமெண்டு எனக்கும் கவலைதான். 2024இல வந்த பி.எம்.டபிள்யூ எம்5, 5 சீரிஸின்ட வேகக் கார், 2,435 கிலோ. முந்தினதை விட அரைத் தொன்னுக்கு மேல. 600 குதிரைவலு 727 ஆகியும் 0இல இருந்து 100 கிலோமீற்றர் வேகம் எடுக்கிற நேரம் குறையயில்ல, 3.4 செக்கன் 3.5 ஆகிட்டுது. கூட்டின வலுவை எடையே தின்னுட்டுது.

---

அம்பாறை டொக்டர்:

அண்ணா, நான் கல்முனையில இருந்து அம்பாறைக்குத் தினம் ஓடுறவ. என்னட்ட இருந்ததும் ஒரு பெரிய பிளக்-இன் கார்தான். பேர் வேண்டாம், குறை சொல்லுறது என்ட நோக்கமில்ல. ஓடேக்க சொர்க்கம். இரவு டியூட்டி முடிச்சு வாறவளுக்கு அந்த அமைதி எவ்வளவு பெரிசெண்டு எனக்குத் தெரியும்.

2024 கார்த்திகை வெள்ளத்தில காரைதீவு – மாவடிப்பள்ளி றோட்டுக்கு மேலால தண்ணி பாய்ஞ்சது உங்களுக்கு நினைவிருக்கும். நான் அந்த றோட்டுக்குப் போகயில்ல. உள் றோட்டில ஒரு மதில் பக்கத்தில விட்டிட்டு நடந்து வந்தன். விடிய வந்து பார்க்கேக்க தண்ணி கதவுப் படி வரைக்கும். சின்ன பற்றரி செத்திட்டுது. கியர் பூட்டைக் கழட்டக் கரண்ட் வேணும். வாகனம் 2 தொன்னுக்கு மேல, சில்லு சேத்துக்குள்ள. பக்கத்து வீட்டு ஆம்பிளைகள் எட்டுப் பேர் தள்ளினாங்க, அசையவேயில்ல. உழவு இயந்திரம் கொண்டு வந்தாங்க. பூட்டின சில்லோட இழுத்தா உடையுமெண்டு நான்தான் வேண்டாம் எண்டன். தட்டு லொறி வர ரெண்டு நாள். பக்கத்தில நிண்ட அயலவரின்ட பழைய காரை நாலு பேர் சேர்ந்து மேட்டுக்கு ஏத்திட்டாங்க.

திருத்திக் குடுத்தாங்க, ஓடினன், ஆனா மனசு விட்டிட்டுது, வித்திட்டன். இப்ப சாதாரண ஹைபிரிட் ஒண்டு, 1,600 கிலோவுக்குள்ள. எடை எண்டா எண்ணெய், டயர் எண்டு மட்டும் பார்க்காதீங்க. நிண்டுபோனா யார் தள்ளுவாங்க, எத்தனை பேர் வேணும், அதையும் பாருங்க.

அம்மாவின்ட இடுப்புக்கு ஒரு சொல்லு: சீற்று உயரத்தை அளந்து பாருங்க. முழங்கால் இடுப்பை விட மேல வந்தா அவவுக்கு எழும்பக் கஷ்டம். எந்தப் புதுத் தொழில்நுட்பமும் அதைச் சரிசெய்யாது.

---

செங்கலடி மில்காரன்:

எழுதின எல்லாருக்கும் நன்றி. டொக்டர் தங்கச்சி சொன்னதை வாசிச்சிட்டு அண்டிரவு சரியா நித்திரையே வரயில்ல.

ஞாயிற்றுக்கிழமை தெரிஞ்ச ஒருவரின்ட 530இயைக் கேட்டு எடுத்தன். அவரும் கூட வந்தவர். அம்மாவைப் பின்னால ஏத்தி, கல்லடியில இருந்து மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலை, அங்கால வாவிக் கரையோட வவுணதீவு, வலையிறவுப் பாலத்தால திரும்பி, மறுகா செங்கலடி.

நல்ல றோட்டில அந்த எடை ஒரு குணம். பாரம் ஏத்தின வள்ளம் அலையில ஆடாமப் போற மாதிரிப் போகுது. பாலத்துக்கு மேல மோட்டரில போகேக்க அம்மா கேட்டா, "மகன், கார் நிண்டிட்டா?" எண்டு. ஏசிக் காத்து முகத்தில படுதெண்டு சிரிச்சா. அவ காருக்குள்ள சிரிச்சுக் கனகாலம்.

கொக்கட்டிச்சோலை தாண்டி உடைஞ்ச துண்டில கதை வேற. 18 அங்குல றன்பிளட். மெதுவாத்தான் போனன். மூண்டாவது குழியில "இடுப்பில அடிக்குது மகன்" எண்டா. அந்தத் துண்டை என்ட கார் தண்ணி மாதிரிக் கடக்கும். சுவர் உயரம் கூடின 15 அங்குல டயர், நீள ஸ்பிறிங், கீழ கட்டித் தொங்க எடை இல்ல. கராஜ் தம்பி சொன்ன 17 அங்குலம் எவ்வளவு திருத்துமோ, அதை ஓடிப் பார்க்கக் கிடைக்கயில்ல.

ஆலைத் தராசில ஏத்தினம். அரைத் தாங்கி எண்ணெயோட 1,820. கம்பனிக் கணக்கை விடவும் கூட. மேல கண்ணாடிக் கூரை, மின்சாரச் சீற்று எல்லாம் இருக்கிற கார், அதாலயாக்கும். 420 கிலோ வித்தியாசம், சரியா ஆறு மூடை.

அங்கயே தராசுக் கொட்டிலுக்குள்ள இருந்து கணக்குப் பார்த்தன். பற்றரி இல்லாத 530ஐக்கு கம்பனி சொல்லுறது 1,540. 530இக்கு 1,770. அப்ப 230 கிலோ பற்றரிக்கும், மோட்டருக்கும், அவை கேட்கிற மத்தச் சாமான்களுக்கும். மிச்சம் 190தான் எயார்பாக், கதவுக்குள்ள இருக்கிற இரும்பு, சத்தம் அடைக்கிற விரிப்பு, பின் ஏசி, நல்ல சீற்று. அம்மாவுக்கு வேணுமானது எல்லாம் அந்த 190க்குள்ள கிடக்கு. 230 கிலோ எனக்குத் தாறது 30 கிலோமீற்றர் கரண்ட் ஓட்டம். நான் மில்லுக்குப் போறது மோட்டார் சைக்கிளில. கண்டிக்குப் போகேக்க அந்த 30 கிலோமீற்றர் கரடியனாறு தாண்ட முந்தியே முடிஞ்சிடும். மிச்ச வழி முழுக்க மூண்டு மூடையைச் சுமந்து கொண்டுதான் போறது. பூட்டும் சின்னன், அம்மாவின்ட சில்லுக் கதிரையை மடிச்சு வைக்க மூடி பூட்டுப்படயில்ல. கழட்டி, சில்லை வேறயா வைச்சம்.

பொறியியல் தம்பிக்குச் சரியான கார் அது. தினம் கொழும்பு நெரிசலுக்குள்ள ஓடுறவருக்கு அந்த 230 கிலோவும் உழைக்கும். எனக்கு அது உழைக்காது.

அதனால அதே உடம்பில பற்றரி இல்லாதது தேடுறன், டீசல் 520டி இல்லாட்டி பெற்றோல் 530ஐ, 17 அங்குல றிம். சீற்று உயரம் அளந்தன் டொக்டர் தங்கச்சி, அம்மாவுக்குக் கொஞ்சம் தாழ்வுதான், ஆனா மின்சாரத்தில உயர்த்தலாமெண்டதால முன் சீற்றில இருந்தா எழும்புறா. இவ்வளவு காலமும் பின்னாலதான் இருத்தினன், முன்னால இருக்க விடலாமெண்டு எனக்கு ஏன் தோணயில்லையோ.

520டியில டீசல் வடிகட்டி அடைக்குமெண்டு சொல்லுறாங்க. கராஜ் தம்பி, அது உண்மையா?

---

கல்முனை கராஜ்:

உண்மைதான் அண்ணன். ஆனா சின்னச் சின்ன ஓட்டம் ஓடினாத்தான் அடைக்கும். சூடு ஏறி கரி எரிய நேரம் வேணும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கண்டி மட்டும் காணாது. கிழமைக்கு ஒரு நாள் வாழைச்சேனைப் பக்கமோ பொத்துவில் பக்கமோ 40, 50 நிமிசம் நிறுத்தாம ஓடுங்க. சந்தைக்கும் கோயிலுக்கும் 124ஐ எடுங்க.

கார் பார்க்கப் போறதெண்டா முதல் நாள் சொல்லுங்க, ஸ்கானரோட வாறன். காரை மேல தூக்கி அடிப்பக்கம் உப்புப் பிடிச்சிருக்கா எண்டு பார்க்காம விலை பேசாதீங்க.