ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாரோ: ரிசப்ஷன் விண்ணப்பத்தில் முகவரிச் சிக்கல்

மகளுக்கு 2026 செப்டம்பரில் ரிசப்ஷன் (இங்கிலாந்துப் பள்ளிகளின் முதல் வகுப்பு). விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. இப்போது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் வாடகை ஃப்ளாட், வடமேற்கு லண்டனில் ஹாரோவில் வீடு வாங்கிக்கொண்டிருக்கிறோம். சர்வே முடிந்து, மார்ட்கேஜும் (வீட்டுக் கடன்) கிடைக்கும் என்று ஆகிவிட்டது. ஆனால் விற்பவர் வாங்கும் வீடு இழுத்துக்கொண்டே போவதால், கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பும் ஒப்பந்தம் மாற்றிக்கொண்டு வாங்குவது உறுதியாவது) பிப்ரவரியில்தான் என்கிறார் எங்கள் வக்கீலான சொலிசிட்டர். (அவர் பிப்ரவரி என்றால் நான் மார்ச் என்றே கணக்கு வைக்கிறேன்.)

இங்குள்ள கவுன்சிலில் கேட்டேன். லண்டனில் எந்தப் பரோ (தனிக் கவுன்சில் உள்ள நகரப் பகுதி) பள்ளியானாலும் குடியிருக்கும் பரோ வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், இப்போதைய முகவரியையே போடுங்கள் என்றார்கள். ஹாரோ கவுன்சிலோ, புது முகவரியை ஏற்க எக்ஸ்சேஞ்ச் ஆனதற்கான கடிதமோ கையெழுத்தான வாடகை ஒப்பந்தமோ வேண்டும் என்கிறது. மார்ட்கேஜ் ஆஃபரைக் காட்டிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஹாரோவில் கொஞ்ச நாள் வாடகைக்கு இருக்கலாமா என்றும் யோசித்தோம். இரண்டு வாடகை, மேலே டெபாசிட், கட்டுப்படியாகாது.

ஆறு பள்ளிகள் போடலாம். நான்கு ஹாரோ, இரண்டு ஈஸ்ட் ஹாம் என்று நிரப்பி வைத்திருக்கிறேன், இன்னும் சப்மிட் செய்யவில்லை. புது வீட்டு மாடி ஜன்னலில் நின்றால் பட்டியலில் முதலாவதாகப் போட்ட பள்ளியின் மைதானம் தெரியும். ஆனால் பள்ளிக்குள்ள தூரத்தை ஈஸ்ட் ஹாமிலிருந்து அளந்தால் எங்களுக்கு எங்கே கிடைக்கப்போகிறது!

ஜனவரி 15-க்குப் பிறகு எக்ஸ்சேஞ்ச் ஆகி, எந்தப் பள்ளி என்று சொல்லும் ஏப்ரல் 16 முடிவுக்கு முன்பே புது முகவரியைக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அந்த முகவரியிலிருந்து தூரம் அளந்தார்களா, இல்லை தாமத விண்ணப்பமாகக் கடைசியில் தள்ளிவிட்டார்களா?