வெளிநாட்டுப் பயணத்தில் நீங்கள் சொதப்பிய கதையைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். இத்தாலியில் ஃப்ளோரன்ஸிலிருந்து பீசாவுக்கு ரயில். கவுன்டரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் பரிசோதகர் வந்தார். நீட்டினேன். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பினார், பிறகு டிக்கெட்டின் ஓரத்தை விரலால் தட்டிக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. அதுதான் பிரச்சினையே.

அங்கே வட்டார ரயில்களின் காகித டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. ஏறுவதற்கு முன்னால் பிளாட்ஃபாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகித் தேதி, நேரம் முத்திரை அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்காத டிக்கெட்டை இன்னொரு வண்டியில் மறுபடி நீட்டலாம் அல்லவா? அதனால் அவர் கணக்கில் நான் டிக்கெட் இல்லாத ஆள். "தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொல்லிப் பார்த்தேன். தினமும் அதையே கேட்டுப் பழகிய முகம் அவருக்கு. அபராதம் கட்டினேன். பீசாவில் இறங்கியபோது கோபுரத்தைவிட நான்தான் அதிகம் சாய்ந்திருந்தேன்.

இருக்கை எண்ணோடு வாங்கும் வேக ரயிலில் இந்தத் தொல்லை இல்லை. முத்திரை இயந்திரம் கெட்டுப்போயிருந்தால், ஏறியதும் நாமாகவே பரிசோதகரைத் தேடிப்போய்ச் சொல்லிவிட வேண்டுமாம். அவர் நம்மிடம் வரும்வரை உட்கார்ந்திருந்தால் கதை வேறு.

*

உங்களுடையது பரவாயில்லை, ரயிலாவது இருந்தது. எனக்கு விமானமே போய்விட்டது.

ஐரோப்பாவிலிருந்து திரும்பும் டிக்கெட்டில் 14-ஆம் தேதி, 00:25 என்று இருந்தது. 14-ஆம் தேதி முழுக்க ஆசை தீரச் சுற்றிவிட்டு, ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டியோடு விமான நிலையத்தில் போய் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். "உங்கள் விமானம் நேற்று ராத்திரியே போய்விட்டதே!" 14-ஆம் தேதி பிறந்து 25 நிமிடம் என்றுதான் அதற்கு அர்த்தம். 13-ஆம் தேதி ராத்திரியே நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

சரி, நாளைக்குப் போய்க்கொள்ளலாம், விசாவில் 24-ஆம் தேதி வரை இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் பெண்தான் விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து இன்னொரு கட்டத்தைக் காட்டினார். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பது ஒரு விஷயம். அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு விஷயம். என் விசாவில் 12 நாள். வந்து இறங்கிய நாளும் கிளம்புகிற நாளும் அதில் சேர்த்தி. நான் 3-ஆம் தேதி இறங்கியவன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கே பன்னிரண்டு முடிகிறது!

பதினொன்றரைக்கு ஒரு விமானத்தில் கடைசி இருக்கை கிடைத்தது. விலையைச் சொல்ல மாட்டேன், வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை.

*

மேலே உள்ளவர் கதையைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. என்னுடையது சின்னது, ஆனால் ஒரு பயணத்தில் ஏழெட்டு முறை நடந்தது.

வெளிநாட்டு ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் ஒரு கட்டத்தில், "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடவா?" என்று கேட்கும். தெரிந்த பணத்தில் தொகையைப் பார்த்ததும் ஒரு நிம்மதி, 'சரி' என்று அழுத்திவிடுவோம். அழுத்தினால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது நம் வங்கி இல்லை, அந்த இயந்திரத்தை வைத்திருப்பவர். அவர் லாபமும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். 'வேண்டாம்' என்று அழுத்தினால் பணமே வராதோ என்று நான் பயந்தேன். வரும். அந்த நாட்டுப் பணத்திலேயே கணக்கு எழுதப்படும், அவ்வளவுதான். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். சில இடங்களில் நம்மைக் கேட்காமல் கடைக்காரரே அழுத்திவிடுவார். அதனால் இப்போதெல்லாம் பின் நம்பர் போடும் முன் திரையில் எந்த நாட்டுப் பணம் என்று பார்த்துவிடுகிறேன்.

*

மாத்திரை விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. இடம் அடைக்கிறது என்று அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகிற ஆள் நான். ஜப்பானுக்கு அப்படிக் கிளம்பும்போது, கூட வந்தவர்தான் தடுத்தார். மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் போனால் அங்கே கொண்டுபோகவே கூடாது. டிராமடால் கலந்த வலி மாத்திரைக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். இப்போது அட்டையோடுதான் எடுத்துப்போகிறேன். மருத்துவர் சீட்டிலும் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.

*

ஜப்பான் என்றதும் நினைவு வந்தது. அங்கே கார் எடுப்பதாக இருந்தால் உங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி கொடுத்ததா என்று பாருங்கள். என்னிடம் இருந்தது 1968 வியன்னா உடன்படிக்கைப்படி கொடுத்தது. வாடகைக் கார் கவுன்டரில் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முன்பதிவுப் பணம் போச்சு.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி. 00:25-ஐத் தவறவிட்டவரே, அந்தப் பழைய டிக்கெட்டுக்கு ஏதாவது திரும்பக் கிடைத்ததா?

*

கட்டணம் போனது போனதுதான். ஆனால் நாம் ஏறவே இல்லை என்பதால் விமான நிலைய வரிகளில் சிலவற்றைக் கேட்டு வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். அவர்களாகத் தர மாட்டார்கள், எழுதிக் கேட்க வேண்டும். கேட்டேன். இரண்டு மாதம் கழித்து வந்தது. ஒரு நல்ல சுவர்க் கடிகாரம் வாங்கும் அளவுக்கு இருந்தது, வாங்கிவிட்டேன். 24 மணி நேரக் கடிகாரம்.