பொருள்: லெக்டோடைப் — தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

எட்மோன் புவாசியே (1810–1885) பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும். ஜெனீவாக்காரர். 1837-இல் தெற்கு ஸ்பெயின், 1842-இல் கிரேக்கமும் அனத்தோலியாவும், பிறகு எகிப்து, பாலஸ்தீனம் என்று சுற்றித் தாவரங்களைச் சேர்த்தவர். அவற்றோடு கோச்சி, ஹெல்ட்ரைஷ், பலான்சா முதலியோர் சேகரித்தவற்றையும் ஆராய்ந்து, 1867 முதல் 1884 வரை ‘ஃப்ளோரா ஓரியன்டாலிஸ்’ நூலை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அவர் சூட்டிய பெயர்கள் பலவற்றுக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் லெக்டோடைப் (பெயரிட்டவர் பார்த்த செடிகளுள், அந்தப் பெயருக்குரியதாகப் பின்னர் தேர்ந்தெடுக்கப்படும் ஒன்று) குறித்திருக்கிறார்கள். இதைத் ‘தேர்வு வகைமாதிரி’ என்று எழுதலாமா?

———

> ‘தேர்வு வகைமாதிரி’ என்று எழுதலாமா?

வேண்டாம் ஐயா. ‘வகைமாதிரி’ என்றதும் அந்த இனத்தின் இலக்கணமெல்லாம் பொருந்திய செடி என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். தாவரப் பெயரிடல் விதிகள் சொல்வது வேறு: டைப் என்பது பெயர் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள், அவ்வளவுதான். அது வற்றலாக, பூச்சி அரித்ததாக, இனத்தின் ஓரத்தில் நிற்கும் விசித்திரச் செடியாகக்கூட இருக்கலாம்.

புவாசியேயின் செடி ஒன்றே இதற்குச் சான்று. மேற்குத் துருக்கியின் போஸ் தாக் மலையில் பனி உருகும் இடத்தில் எடுத்த நீலப்பூச் செடிக்கு, மனைவி லூசில் பெயரால் 1844-இல் கியோனோடாக்சா லூசிலியே என்று பெயரிட்டார். பிற்காலத் தோட்டங்களில் இந்தப் பெயரில் பரவியது பெரும்பாலும் கியோனோடாக்சா ஃபோர்ப்சியை என்ற வேறு செடி. எத்தனை தோட்டங்களில் வளர்ந்தாலும் பெயர் அதற்குப் போகாது. போஸ் தாக் செடியோடுதான் நிற்கும். ‘மாதிரி’ என்ற சொல்லில் இந்தக் கட்டு தெரிவதில்லை.

எனவே டைப் = பெயர்ப்பிணை. லெக்டோடைப் = தேர்வுப்பிணை.

தேர்வு ஏன் தேவைப்படுகிறது என்பதையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். புதிய இனத்துக்குப் பெயரிடும்போதே டைப்பைக் குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் 1958 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முந்தியவர்கள் ஒரே பெயரின் கீழ் மூன்று மலை, நான்கு சேகரிப்பாளர் என்று அடுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவற்றுள் இரண்டு இனங்கள் கலந்திருந்தால் பெயர் எதற்கு? அங்கேதான் ஒன்றைத் தேர்ந்து கட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் மூல விவரிப்பைப் படித்து, எந்தச் சேகரிப்புகளைச் சொல்லியிருக்கிறார் என்று பட்டியலிட வேண்டும். பிறகு அந்த உலர்செடிகள் ஒட்டிய தாள்களைத் தேட வேண்டும். ஜெனீவாவில் புவாசியே சேகரமும், வியன்னா, பாரிஸ், லண்டனின் கியூ முதலிய ஹெர்பேரியங்களில் (உலர்தாவரக் காப்பகங்களில்) அதே சேகரிப்புகளின் படித்தாள்களும் இருக்கும். பெரும்பாலான பிழைகள் நேர்வது இங்கேதான். பெயர் வெளியான ஆண்டுக்குப் பிந்திய செடி அதே உறைக்குள் வந்து சேர்ந்திருக்கும். சீட்டில் புவாசியேயின் கையெழுத்தைக் கண்டதும் அதையே மூலம் என்று எடுத்துவிடுவார்கள். சேகரித்த தேதியைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ஒரே தாளில் இரண்டு இடத்துச் செடிகள் ஒட்டப்பட்டிருந்தால், எந்தக் கிளை எந்தச் சீட்டுக்குரியது என்று பிரித்தறிந்து ஒன்றை மட்டும் குறிக்க வேண்டும். கொத்தமல்லிக் குடும்பமானால் முதிர்ந்த காய் உள்ள தாள் வேண்டும். வெறும் பூவை வைத்து இனத்தைத் தீர்க்க முடியாமல் போகும்.

முன்பே யாராவது செல்லுபடியாகும்படி தேர்ந்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். நமக்கு அழகான தாள் கிடைத்தது என்பதற்காக மாற்ற முடியாது.

———

> டைப் = பெயர்ப்பிணை

‘பிணை’ என்றால் நாளிதழ் படிப்பவருக்கு ஜாமீன்தானே நினைவுக்கு வரும்? விலங்கியலார் ‘பெயர் தாங்கும் டைப்’ என்கிறார்கள். ‘பெயர்தாங்கி’ என்று வைத்தால் எளிதல்லவா?

———

எளிதுதான் அம்மா. ஆனால் ‘பெயர்தாங்கி’ என்றால் பேருக்கு மட்டும் அப்படி இருப்பவர் என்ற பொருள் வழக்கில் ஊன்றிவிட்டது. ஒரு பெயருக்கு உண்மையான ஆதாரமாக நிற்பதை அப்படி அழைத்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘சான்று’ என்று வைக்கவும் முடியாது. கள ஆய்வுக்கு ஆதாரமாக வைக்கும் சாதாரணத் தாளைச் சான்றுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிணை, பிணைத்தல் என்பதிலிருந்தே வருகிறது. ஜாமீன் என்ற பொருளும் ஒருவர் மற்றவருக்காகக் கட்டுப்பட்டு நிற்பதுதான். முதல் முறை ‘பெயர்ப்பிணை’ என்று முழுதாக எழுதிவிட்டால் குழப்பம் வராது. தொகுதியும் ஒழுங்காக அமைகிறது: பெயரிட்டவரே குறித்த ஒன்றான ஹோலோடைப் தனிப்பிணை, அதன் படித்தாளான ஐசோடைப் படிப்பிணை, அவர் ஒன்றைக் குறிக்காமல் அடுக்கிய பலவற்றுள் ஒவ்வொன்றுமான சின்டைப் உடன்பிணை, நியோடைப் மாற்றுப்பிணை. கடைசிச் சொல் நிறையவே தேவைப்படும். 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்தது. வேறெங்கும் மூலப்பொருள் எதுவும் மிஞ்சாத பெயர்களுக்கு மாற்றுப்பிணைதான் வழி.

எபிடைப்புக்குத் ‘துணைப்பிணை’ என்று எழுதிப் பார்த்தேன், முழு நிறைவில்லை. பிணை இருந்தும் தெளிவில்லாதபோது விளக்கத்துக்காகச் சேர்ப்பது அது. ‘விளக்கப்பிணை’ பொருந்துமா என்று மற்றவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1990 முதல் தாள் இருக்கும் ஹெர்பேரியத்தைக் குறிப்பிடாவிட்டால் தேர்வு செல்லாது. 2001 முதல் ‘இங்கே தெரிவுசெய்யப்பட்டது’ என்ற தொடரும், லெக்டோடைப் என்ற சொல்லோ தற்கால மொழி ஒன்றில் அதற்கு நிகரான சொல்லோ இருந்தாக வேண்டும். விதி எந்த மொழியையும் விலக்கவில்லை. ஆகவே தமிழில் வெளியிடுபவர், ‘தேர்வுப்பிணை, லெக்டோடைப், இங்கே தெரிவுசெய்யப்பட்டது’ என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதி, ஹெர்பேரியத்தின் குறியீட்டையும் தாளின் பட்டைக்குறி எண்ணையும் சேர்த்துவிடுவது நல்லது.